கட்டம் கட்டமாய் ஒரு நோட்டீஸ்

எங்கள் வீட்டில் ஆட்கள் மூன்று பேர், கம்ப்யூட்டர் நான்கு. நான்கில் இரண்டு ஓடும். மூன்றாவது ஓடத் தயாராகிக்கொண்டிருக்கிறது, நான்கு வருடமாக. நான்காவது உதிரி பாகத்துக்காக. ஓடுகிற இரண்டில் ஒன்று பின்பக்கமாகச் சூடான காற்றை விடும். மழை நாளில் என் மனைவி அதன் பின்னால் சாக்ஸைக் காயப்போடுவாள். இந்தக் குடும்பத்துக்குக் கம்ப்யூட்டரால் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லவும் செய்வாள்.

பகலில் நான் சரக்குக் கப்பல் ஆபீஸ் ஒன்றில் பில் தட்டுகிறவன். அங்கே இருப்பது காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம். என்னைக் கேட்காமல் திறக்கும், என்னைக் கேட்காமல் மூடும், அவசரமான பில்லைப் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது 'காத்திருக்கவும்' என்று ஒரு வட்டத்தைச் சுற்றவிடும். எட்டு மணி நேரம் அதற்கு அடிமை வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு லினக்ஸ் முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு உயிர் வரும். அதை யாரும் எனக்கு விற்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நான் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். பார்க்கலாம் என்பதுதான் விஷயம்.

உலகத்தில் எந்தச் சண்டையை எடுத்துக்கொண்டாலும் கடைசியில் அது யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்பதில்தான் வந்து நிற்கும். அரசியல் என்பது அவ்வளவுதான், மற்றதெல்லாம் மைக்கும் கைதட்டலும். இதை நான் ஆபீஸில் சொல்லியிருக்கிறேன், பேருந்தில் சொல்லியிருக்கிறேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொல்லியிருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் முழு அதிகாரமும் என் ஒருவனிடம்தான் இருந்தது என்பது வேறு. என் மனைவிக்கு அவளுடைய ஒரு ஃபோல்டரைத் திறக்க மட்டும் அனுமதி. அத்தைக்கு விருந்தினர் கணக்கு. அணைத்தவுடன் எல்லாம் அழிந்துவிடும். அவர் தினமும் சீட்டு ஆடி எடுக்கிற மதிப்பெண்ணும் சேர்த்து.

அத்தை என்றால் என் மாமியார். வண்டிகளுக்கு உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் விண்ணப்பம் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் அடியில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். நான் முதல்முதலாக அவரைப் பார்க்கப் போனபோது என்னையும் மேலிருந்து கீழாக அப்படித்தான் பார்த்துவிட்டு, இணைப்பு எதுவும் இல்லையா என்று கேட்டார். அப்பா அம்மாவைக் கூட்டி வரவில்லையா என்று அர்த்தமாம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து அத்தைக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடியது. சமர்த்தாக ஐந்தாம் மாடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. மூன்றாம் நாள் நின்றது, நின்றதுதான். கைத்தடியோடு சமதரையில் நடக்கலாம், படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று நான் யோசனை சொன்னேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிற நாள் வரும்போது வரட்டும், அதற்கு இப்போதே ஒத்திகை எதற்கு என்றுவிட்டார் அத்தை.

அதனால் எட்டு மாதமாக அவருக்கு உலகம் என்பது பால்கனி. கீழே கேட் ஓரத்தில் மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருக்கிறது. விழுவதற்கு முன்பு மாலை ஐந்து மணியானால் அங்கே போய் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளின் நம்பர் பலகையில் குற்றம் கண்டுபிடிப்பார். இப்போது ஐந்தாம் மாடியிலிருந்து நம்பர் தெரிவதில்லை. அந்த வருத்தம் அவருக்கு உண்டு. போதாக்குறைக்கு மாலைகளில் அவருக்குத் துணை நான்தான். எட்டு மாதத்தில் லினக்ஸ் பிறந்த கதை முழுவதையும் கேட்டு முடித்துவிட்டார். எழுந்து ஓட வழி இல்லையே, பாவம்.

லிஃப்ட் ஏன் சரியாகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். ஒன்பது வருடமாக எதிர்த்து யாரும் நிற்காமல் தலைவர். என்ன கேட்டாலும் "பரிசீலனையில இருக்கு" என்பார். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் பரிசீலனை. தண்ணீர் எப்போது வரும் என்றாலும் பரிசீலனை, மொட்டை மாடிச் சாவி எங்கே என்றாலும் பரிசீலனை. லிஃப்டுக்காக ஒரு குழு போட்டார். குழுவுக்கு யார் யார் என்பதைத் தீர்மானிக்க இன்னொரு குழு போட்டார். அவர் வீடு தரைத் தளத்தில். அவரைப் பொறுத்தவரை லிஃப்ட் என்பது கொள்கை அளவில் மட்டுமே இருக்கிற பொருள்.

என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டு ஊசி குத்துகிறவள். மாலையில் ஐந்து மாடி ஏறி வந்து, வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவாள். சங்கத் தேர்தல் வருகிறது என்று போர்டில் ஒட்டியிருந்த அன்று அப்படி நின்றவள், நான் நிற்கப் போகிறேன் என்றாள். ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அம்மா கீழே இறங்க வேண்டும், அதற்கு வேறு வழி தெரியவில்லை என்றாள்.

தேர்தல் விதிகளைப் பரிசீலனை எழுதியிருந்தார். ஒரு வேட்பாளருக்கு ஒரே ஒரு நோட்டீஸ். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பேசக் கூடாது. ஞாயிறு காலை வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம், மூன்று நிமிடப் பேச்சு, பிறகு வீட்டுக்கு ஒரு ஓட்டு. மொத்தம் நாற்பத்தெட்டு வீடு.

"ஒரே ஒரு வரி போதும்," என்றாள் என் மனைவி. "'லிஃப்டைச் சரி பண்ணுவேன்'னு போடுங்க. மேல என் போட்டோ, கீழ வீட்டு நம்பர். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஒரு வரியா? ஒன்பது வருட ஆட்சியை ஒரு வரியில் கவிழ்க்க முடியுமா? உட்கார்ந்தேன். வரலாறு, தத்துவம், கணினி எல்லாம் கலந்து வந்தது. கடைசியில் ஏழு கேள்விகளாகச் சுருக்கினேன். மக்களைச் சிந்திக்க வைக்க வேண்டுமென்றால் கேள்விதான் கேட்க வேண்டும். முதல் கேள்வி: அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் குவியலாமா? இரண்டாவது: உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து காட்டாத நிர்வாகத்தை நம்பலாமா? இப்படியே போய் ஆறாவது கேள்வியில் லினக்ஸைத் தொட்டேன். ஏழாவதற்கு இடம் போதவில்லை. அதில் 'லிஃப்ட்?' என்று மட்டும் போட்டேன். மனைவியிடம் காட்டவில்லை. அச்சில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு எதிர்த் தெரு பிரிண்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் பென் டிரைவைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். கொடுப்பேனா? அவர் கம்ப்யூட்டரில் இருப்பதும் காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம். சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நோட்டீஸை அதிலா திறப்பது? என் பென் டிரைவிலேயே நான் சொந்தமாகச் செதுக்கிய லினக்ஸ் இருந்தது. அதைச் செருகிக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், கடைக்காரருடைய சிஸ்டம் தூங்கும், என்னுடையது எழுந்து ஓடும். தேவையில்லாத சதையெல்லாம் வெட்டி எறிந்து அதை எண்பது எம்பிக்குக் கொண்டுவந்திருந்தேன். ஜன்னல் கிடையாது, படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. அவ்வளவுதான். ஆறு மாத உழைப்பு. கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன். பயந்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரே வரிக் கட்டளை. தட்டினேன். மூலையில் மெஷின் கடகடவென்று ஐம்பது தாளைத் துப்பியது. கடைக்காரரே எடுத்து, மெஷினில் கொடுத்து மடித்து, பழுப்புத் தாளில் கட்டிக் கொடுத்தார். நோட்டீஸை ஒரு முறை பார்த்துக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்டது இப்போது ஞாபகம் வருகிறது. கட்டளை சரியாக இருந்தால் விளைவும் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு ஒரு சின்ன விளக்கம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்தரை மணிக்குள் நாற்பத்தெட்டு கதவுக்கு அடியிலும் தள்ளிவிட்டேன். பரிசீலனை வீட்டுக் கதவுக்கடியிலும். எங்கள் வீட்டுக் கதவுக்கடியிலும் ஒன்று. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே. பிறகு சாவி போட்டுத் திறந்து உள்ளே போனேன்.

அத்தை அதை எடுத்து விரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, எனக்குக் கண்ணுதான் போயிடுச்சா, இல்ல இதுல எழுத்தே இல்லையா?"

வாங்கிப் பார்த்தேன். மேலே என் மனைவியின் போட்டோ பளிச்சென்று இருந்தது. கீழே 502 என்று வீட்டு நம்பர் இருந்தது. நடுவில் ஒன்று முதல் ஏழு வரை எண்கள் இருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சின்னச் சின்னதாகக் காலிக் கட்டங்கள். வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

அந்த நிமிடமே புரிந்துவிட்டது. எண்பது எம்பிக்காகச் சதையை வெட்டினேன் அல்லவா, அதில் தமிழ் எழுத்துருவையும் வெட்டியிருக்கிறேன். கறுப்புத் திரைக்கு எழுத்துரு எதற்கு என்று நினைத்திருப்பேன். எழுத்தை எப்படி வரைவது என்று தெரியாத சிஸ்டம் எழுத்து வரவேண்டிய இடத்தில் கட்டம் போடும். அதிலும் 'மே' என்றால் ம-வுக்கு ஒரு கட்டம், கொம்புக்கு ஒரு கட்டம். அதனால் எழுத்தைவிடக் கட்டங்கள் தாராளமாக விழுந்திருந்தன.

ஐந்து மாடி இறங்கி ஓடினேன். கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். ஏன் சார் சொல்லவில்லை என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"நீங்க ஏதோ ஃபார்ம் அடிக்கறீங்கன்னு நெனச்சேன். கட்டமெல்லாம் நேரா அழகா வந்திருந்துச்சு. அதுவும் நீங்க கறுப்புத் திரையில அடிச்ச அடியைப் பார்த்தா, நான் எதுக்கு சார் வாயைத் திறக்கப் போறேன்?"

மணி ஆறடித்துவிட்டது. இனி இன்னொரு நோட்டீஸ் போட விதியில் இடமில்லை. மறுபடி ஐந்து மாடி ஏறினேன். நான் மேலே போனபோது என் மனைவி வந்திருந்தாள். நோட்டீஸைக் கையில் வைத்திருந்தாள். கத்துவாள் என்று நினைத்து, கத்தினால் சொல்வதற்குப் பதில் எல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்: எழுத்துரு தொகுப்பின் எடை, அதன் சார்புகள், இதற்கு முன் இப்படி நடந்திராதது. அவள் கத்தவில்லை.

"எட்டு மாசம்," என்றாள். "அம்மா மண்ணை மிதிச்சு எட்டு மாசம் ஆச்சு. உங்ககிட்ட ஒரு வரி கேட்டேன். ஒரே ஒரு வரி."

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பென் டிரைவைச் சன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று பார்த்தேன். கீழே யார் தலையிலாவது விழும். எறிந்தால் எடுத்து வர ஐந்து மாடி இறங்க வேண்டும். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அத்தை மட்டும் அந்தத் தாளை விடவில்லை. மேஜை விளக்கடியில் வைத்து, ஒரு பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டங்களை எண்ணினார். எதற்கு என்று கேட்டேன்.

"இத நோட்டீஸ்னு நெனச்சுப் பார்த்தா தப்புதான் மாப்பிள்ளை. ஃபார்ம்னு நெனச்சுப் பாருங்க, ஒரு தப்பும் இல்ல. எண் இருக்கு, கட்டம் இருக்கு, கேள்விக்குறி இருக்கு, யார்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்னு வீட்டு நம்பர் இருக்கு. மனுஷன் கையில கட்டம் போட்ட தாளைக் கொடுத்தா நிரப்பாம விடமாட்டான். முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கேன்."

வயதானவர், நம்மைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் உள்பக்கம் நான்கு தாள் கிடந்தது. முதலாவது மூன்றாம் மாடி பாட்டு வாத்தியாருடையது. கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, அச்சு மாதிரி எழுதியிருந்தார்: தண்ணீர் காலை ஆறு மணிக்கே வர வேண்டும். நான்காம் மாடித் தம்பதிகள் ஆளுக்கொரு வரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணவர் லிஃப்ட் என்று எழுதியிருந்தார். அந்த அம்மா, லிஃப்ட் சரியாகும்வரை கடைக்கு இவர்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தார். பத்து மணிக்குள் பதினேழு வந்துவிட்டது. தாதியாக இருக்கும் எதிர்வீட்டுப் பெண் நேராகவே வந்து கட்டம் போதவில்லை, கூடுதல் தாள் கிடைக்குமா என்று கேட்டாள். ஒருவர் ஏழு வரியிலும் ஏழு தரம் 'மொட்டை மாடிச் சாவி' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் குறுக்கெழுத்துப் போட்டி என்று நினைத்துக்கொண்டு, பரிசு என்ன என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.

என் மனைவி படுக்கையறையிலிருந்து எழுந்து வந்து நின்று பார்த்தாள். ஒரு தாளை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதுவரை யாரும் எங்களைக் கேட்டதே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தாள்.

அத்தைக்கு வந்ததே ஒரு வேகம். எட்டு மாதத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. மேஜையைக் காலி செய்யச் சொன்னார். என் மூன்றாவது கம்ப்யூட்டர் தரைக்குப் போனது. தாள்களை விஷயவாரியாகப் பிரித்து, ஓரம் தட்டி அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் எண் போட்டார். இதற்கு ஒரு நிரல் எழுதினால் நொடியில் கணக்கு வந்துவிடும் என்று நான் ஆரம்பித்தேன். "நீங்க கிளிப் எடுத்துக் கொடுங்க மாப்பிள்ளை, போதும்," என்றார். கொடுத்தேன். முதல் வரிதான் கணக்கு, அதற்கு மேல் எழுதுகிறவர்கள் பொழுது போகாதவர்கள் என்பது அவர் விதி. சாயங்காலம் முடிவு வந்தது. மொத்தம் முப்பத்திரண்டு. லிஃப்ட் பத்தொன்பது, தண்ணீர் ஆறு, மொட்டை மாடிச் சாவி நான்கு, இதர மூன்று. குறுக்கெழுத்தை இதரவில் சேர்த்தார்.

ஞாயிறு காலை கூட்டம். பரிசீலனை மைக்கைப் பிடித்தார். மூன்று நிமிடம் என்று விதி எழுதியவரே இருபத்திரண்டு நிமிடம் பேசினார். ஒன்பது வருட சாதனைகளைச் சொன்னார். கேட்டுக்கு அடித்த பெயிண்ட் மட்டும் ஆறு நிமிடம் வந்தது. கடைசியில் எங்கள் நோட்டீஸை உயர்த்திக் காட்டினார். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் வெறும் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள், இவர்களை நம்பி ஓட்டா என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது. யாரும் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் அதை நிரப்பிக் கொடுத்தவர்கள், எப்படிச் சிரிப்பார்கள்?

பிறகு என் மனைவி எழுந்தாள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது. மைக்கைக்கூட வாயிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடித்தாள்.

"நீங்க எழுதிக் கொடுத்ததப் படிக்கறேன்," என்றாள். படித்தாள். யார் எழுதியது என்று சொல்லவில்லை, எழுதியதை மட்டும் படித்தாள். தண்ணீர். சாவி. லிஃப்ட். லிஃப்ட். லிஃப்ட். ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் யாராவது ஒருவர் அது நான்தான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக்கொண்டார்கள். பத்தொன்பதாவது லிஃப்டைப் படித்துவிட்டு அவள் நிறுத்தினாள். "எங்க அம்மா மேல இருந்து கேட்டுக்கிட்டிருக்காங்க," என்று மட்டும் சொன்னாள்.

எல்லோரும் தலையைத் தூக்கி ஐந்தாம் மாடியைப் பார்த்தார்கள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, அத்தை நின்றுகொண்டிருந்தார். கூட்டத்துக்கு வர முடியாதவர் கூட்டத்துக்கு என்று உடுத்தியிருந்தார். பரிசீலனையும் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவர் ஐந்தாம் மாடிப் பக்கம் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஓட்டுகளைக் கம்ப்யூட்டரில் போடலாம், நான் ஒரு நிரல் எழுதித் தருகிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நல்ல வேளை, யாரும் காதில் வாங்கவில்லை. தாளில் எழுதி டப்பாவில் போட்டார்கள். என் மனைவிக்கு முப்பத்தொன்று, பரிசீலனைக்குப் பதினான்கு. மூன்று வீட்டுக்காரர்கள் வரவில்லை. பரிசீலனை எழுந்து, முடிவைப் பரிசீலிக்க ஒரு குழு போடலாமா என்று கேட்டார். பாட்டு வாத்தியார் உச்சஸ்தாயியில் வேண்டாம் என்றார்.

புதன்கிழமை லிஃப்ட் மெக்கானிக் வந்தார். மேல் அறையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு சர்க்யூட் அட்டை எரிந்திருக்கிறது, மாற்றினால் ஓடும் என்றார். எட்டு மாதப் பரிசீலனை ஒரு உள்ளங்கை அகல அட்டைக்காக. நான் சும்மா இருப்பேனா, இதற்குள் என்ன சிஸ்டம் ஓடுகிறது, கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள் என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு வருஷமா இதே புரோகிராம்தான் சார். யாரும் கை வைக்கல, அதான் ஓடுது," என்றார். என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பென் டிரைவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பெட்டியை மூடிப் பூட்டைப் போட்டு, சாவியைக் கொண்டுபோய் என் மனைவியிடம் கொடுத்தார்.

அட்டை வெள்ளிக்கிழமை வரும் என்று சொன்னார்கள். வியாழன் மாலை நான் என் பாவங்களைக் கழுவ உட்கார்ந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, மடித்து, என் மனைவியிடம் நீட்டினேன். பதினான்கு வருடத்தில் அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குங்க? என் வேலையெல்லாம் போன்லயே முடிஞ்சிடுது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சரி, அத்தைக்காவது சொந்தக் கணக்கு போடலாம் என்று போட்டேன். இனி சீட்டு மதிப்பெண் அழியாது.

அத்தையின் கணக்குக்கு என்ன படம் வைக்கலாம் என்று கேட்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேஜை மேல் அந்த ஃபார்ம் கட்டு இருந்தது, நூல் போட்டுக் கோத்து, மேலே அட்டை வைத்து. சும்மா புரட்டினேன். மூலையில் எண்கள் வரிசையாகப் போயின. முப்பத்திரண்டோடு முடிய வேண்டும். முப்பத்து மூன்று இருந்தது.

கடைசித் தாளில் வீட்டு எண் 502. தேதி வெள்ளிக்கிழமை. அதாவது ஒருவர்கூட இன்னும் நிரப்பித் தராத அன்றைக்கு, மேஜை விளக்கடியில் உட்கார்ந்து கட்டங்களை எண்ணினாரே, அப்போது எழுதியது. கூட்டத்தில் இதை என் மனைவி படிக்கவில்லை. அத்தை கணக்கிலும் சேர்க்கவில்லை. சொந்த வீட்டு விண்ணப்பத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது அவர்கள் அலுவலக விதி. முதல் வரியில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, 'கீழே போக வேண்டும்' என்று எழுதியிருந்தார். இரண்டாவதிலிருந்து ஆறாவது வரை கோடு கிழித்து 'இல்லை' என்று போட்டிருந்தார். ஏழாவது வரியில், நான் 'லிஃப்ட்?' என்று அடித்த இடத்தில், கட்டம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதியிருந்தார்: 'மாப்பிள்ளை கூட வரட்டும். பேசக் கூடாது.' அடியில் கையெழுத்து இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லிஃப்ட் ஓடியது. என் மனைவி பரிசோதனை நிலையத்திலிருந்து இன்னும் வரவில்லை. காத்திருக்கலாமா என்றேன். அவளைக் கீழேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் அத்தை. கைத்தடியோடு மெதுவாக உள்ளே வந்தார். கதவு மூடியது. எண் பலகையில் 5 சிவப்பாக எரிந்தது. ஏழு கோடுகளை வைத்து எல்லா எண்ணையும் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில் ஒரு அருமையான விஷயம் இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். 4. மூன்று பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் எந்த மாடிக்கு முதலில் போவது என்று எப்படித் தீர்மானிக்கிறது, இதையே ஒரு சிஸ்டம் எப்படிச் செய்கிறது. 3. விழுங்கினேன். 2. வியர்த்துவிட்டது. 1. அத்தை என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

கதவு திறந்தது. வெளியே வாசல், வாசலுக்கு அப்பால் வெயில். அத்தை உடனே காலை எடுத்து வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மரத்தடி வரைக்கும் முப்பது அடிதான். பத்து நிமிடம் ஆனது. பெஞ்சுக்குப் பக்கத்தில் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மண்ணில் வைத்தார். பிறகு இன்னொரு காலையும் வைத்தார். உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கேட்டில் என் மனைவி வந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். முழங்காலுக்காக இல்லை.

"சரி மாப்பிள்ளை, இப்பப் பேசலாம்," என்றார் அத்தை.

பேசலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஏழு கோடு எண்ணும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை, அரசியலும் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. எதிரே ஒரு வண்டி போனது. அத்தை அதன் நம்பர் பலகையைப் பார்த்து, எழுத்து அளவு விதிப்படி இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்பிள்ளை, ஹேங் ஆயிட்டீங்களா?"

"ஆமாம் அத்தை," என்றேன்.